ஆளில்லாத கட்டடத்தில் சுவரோவியம்: கிறுக்கல் நின்றதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் தெருமுனையில் ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒன்று. பக்கச் சுவரில் ஸ்பிரேயால் கையெழுத்துப் போடுவார்கள். நாங்கள் ரோலரோடு போய்ச் சாம்பல் நிறம் அடிப்போம். மறுவாரம் அதே கையெழுத்து அதே இடத்தில் வந்து நிற்கும். வாங்கிய பெயிண்ட் ஒவ்வொரு முறையும் ஒரு சாயலில் இருந்ததால், சுவரே ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு நாரைக் கூட்டத்தை வரைந்தோம். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாரைகள் மீது ஒரு கோடுகூட விழவில்லை. ஆனால் பக்கத்தில் வெறும் நீலமாக விட்டிருந்த இடத்தில் இரண்டு முறை எழுதினார்கள். அந்த நீலத்தில் தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரை நெருக்கமாகக் கோரைப்புல் வரைந்தோம். அதன்பின் வரவில்லை.

சுவரடியில் குப்பைப் பை வீசுவதும் குறைந்தது. இது எங்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், சைக்கிளில் மாட்டிவைத்த துண்டுத்தாளைத் தரையில் போட்டவர்கள் சுத்தமான சுவருக்கு அருகே 33 சதவீதம், கிறுக்கிய சுவருக்கு அருகே 69 சதவீதம்.

*

எனக்கு நேர்ந்தது வேறு. வெளியிலிருந்து ஓவியர் ஒருவரை அழைத்து வந்தோம். இரண்டே நாளில் அழகாகப் பூக்கள் வரைந்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் பூக்களின் குறுக்கே கறுப்பு எழுத்து! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் அந்தப் பக்கத்துப் பையன்களிடம் பேசினோம். மெனக்கெட்டுச் செய்த வேலையின் மேல் அவசரக் கையெழுத்துப் போடுவது அவர்களுக்குள்ளேயே மரியாதைக் குறைவாம். "ஆனால் இதை வரைந்தவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாதே" என்றான் ஒருவன். அடுத்த சுவரை அவர்களே வரைந்தார்கள். எழுத்து வடிவங்களில் அவர்களுக்கு இருக்கும் கைத்திறன் என்னிடம் இல்லை என்பதை அன்று பார்த்தேன். அந்தச் சுவரை இன்றுவரை யாரும் தொடவில்லை.

பிலடெல்பியாவில் நடந்ததும் இதுதான். 1984-இல் மேயர் வில்சன் குட் கிறுக்கலைத் தடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்த ஓவியர் ஜேன் கோல்டன், கிறுக்கிய இளைஞர்களையே தேடிப் போய்ச் சுவரோவியத்துக்கு அழைத்து வந்தார். இன்று அந்த நகரில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் இருக்கின்றன. படத்தைவிட யார் கையால் வரைகிறோம் என்பதுதான் சுவரைக் காக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

இருவரும் கூரையைப் பற்றிச் சொல்லவில்லையே! ஆளில்லாத கட்டடத்தில் மழைநீர்க் குழாய் அடைத்தால் கவனிக்க ஆளிருக்காது. எங்கள் சுவரில் தண்ணீர் உள்ளே இறங்கி, பெயிண்ட் கொப்புளித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. உரிந்த இடத்தில்தான் முதல் கிறுக்கல் விழுந்தது. கவனிப்பாரில்லை என்பதைச் சுவரே காட்டிக்கொடுத்துவிட்டது.

மேல்பூச்சு அடிப்பதானால் ஈரத்தை உள்ளே அடைத்துவிடாத வகையாகப் பாருங்கள். நாங்கள் மெழுகுப் பூச்சு அடிக்கிறோம். கிறுக்கினால் வெந்நீரைப் பீய்ச்சி மெழுகோடு கழுவிவிட்டு, மறுபடி பூச வேண்டும்.

ஓவியம் எவ்வளவு காலம் இருக்கும், இடிப்பதானால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் 2013-இல் ஒரே இரவில் வெள்ளையடித்து மறைத்தார். 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரும்படி 2018-இல் தீர்ப்பு வந்தது. பணம் கிடைத்தது, ஓவியங்கள் திரும்பவில்லை.

*

நாரைச் சுவர்க்காரன்தான் மறுபடியும். எங்கள் கடிதத்தில் கால அளவு எதுவும் இல்லை; உரிமையாளரிடம் இந்த வாரமே பேசுகிறேன். கோரைப்புல்லின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் போன மாதம் பார்த்துவிட்டுத் தூசி என்று நினைத்திருந்தேன்; சுவரில் இறங்கிய ஈரம்தான் போலிருக்கிறது. நாளைக் காலையில் முதல் வேலையாக ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக் குழாயைப் பார்க்கப் போகிறேன்.