நியூயார்க் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு: முதல் நிலையினரைச் சரிபார்ப்பது எப்படி?

வணக்கம். நியூயார்க் நகரில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க வரும் ஒருவரைப் பற்றிச் சரிபார்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மாநில இணையதளத்தில் பெயரையும் ஜிப் கோடையும் போட்டுத் தேடியாயிற்று, எதுவும் வரவில்லை. ஆனால் அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. மீண்டும் குற்றம் செய்யும் அபாயத்தை வைத்துக் குற்றவாளிகளை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள்; முதல் நிலை என்றால் குறைந்த அபாயம். அந்தத் தளத்தில் 2, 3-ஆம் நிலையினர் மட்டுமே இருப்பார்கள். முதல் நிலையினரைப் பற்றி மாநிலத்தின் இலவசத் தொலைபேசி எண்ணில்தான் கேட்க வேண்டும். அதற்கும் பெயர் மட்டும் போதாது. சரியான முகவரி, பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண், சோஷியல் செக்யூரிட்டி எண் இவற்றில் ஒன்றாவது வேண்டும். கையில் இருப்பது பழைய முகவரி மட்டும். அதை ஏற்பார்களா? அவரிடமே பிறந்த தேதியைக் கேட்டு வாங்குவதுதான் முறையா?

வேறு மாநிலத்தில் பதிவானவர் என்றால் மத்திய நீதித்துறையின் தேசியத் தேடல் தளம் உண்டு. அதுவும் மாநிலங்கள் வெளியிடுவதைத்தான் காட்டும். அவை மறைப்பது அங்கும் வராது.

ஒரு வேண்டுகோள்: பின்னூட்டத்தில் யார் பெயரையும் போடாதீர்கள். அதே பெயரில் வேறொருவர் இருக்கலாம்; படமும் பிறந்த தேதியும் பொருந்தாமல் எதையும் நம்பக் கூடாது.