பதில்: இன்ஹிபிட்டர் சுவிட்ச் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓட்டோ கியர் வண்டியின் இன்ஹிபிட்டர் சுவிட்சைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தொழிற்பயிற்சி மாணவருக்கான குறிப்பேட்டுக்காக நான் கேட்ட கேள்விக்கு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தொடக்கத் தடை ஆளி, நடுநிலைக் காப்பு ஆளி, கியர்நிலை உணரி (ஆளி என்றால் சுவிட்ச், உணரி என்றால் சென்சர்). மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சாமானைக் கழற்றித் துப்புரவு செய்பவன் என்ன பார்க்கிறான் என்பதிலிருந்து தொடங்கினால் ஏனென்று விளங்கும்.

ஓட்டோ (தானியங்கி) கியர்பொக்ஸின் பக்கத்தில் ஒரு சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கியர் லீவரிலிருந்து வரும் கேபிள் அதைத்தான் திருப்புகிறது. இந்தச் சுவிட்ச் அந்தத் தண்டில் கோத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே செப்புத் தடங்கள். அவற்றின் மேல் தண்டோடு சேர்ந்து வழுக்கிப் போகும் ஒரு தொடுகை. லீவர் பீயிலோ (P, பார்க்) என்னிலோ (N, நியூட்ரல்) நின்றால் மட்டும் ஸ்டார்ட்டருக்குப் போகும் சுற்று மூடும். ஆரில் (R, ரிவர்ஸ்) நின்றால் ரிவர்ஸ் லைட் எரியும். லீவர் எங்கே நிற்கிறது என்ற செய்தி கியர்பொக்ஸ் கணினிக்கும் டாஷ்போர்டுக்கும் போவதும் இதன் வழியாகத்தான். லாண்ட் ரோவர்க்காரர்கள் இதை எக்ஸ்-வை-இசட் சுவிட்ச் என்பார்கள். அந்த எழுத்துகள் கொண்ட கம்பிகளில் எது மூடி எது திறந்திருக்கிறது என்ற சேர்க்கையை வைத்துத்தான் கணினி இடத்தை அறிகிறது. ஒரு கம்பி விட்டுவிட்டு வேலை செய்தாலே போதும், கணினி குழம்பி வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும்.

ஆகவே ‘தொடக்கத் தடை’ என்பது இதன் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. அந்தப் பெயரைப் படித்த மாணவன், ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்று வரும் வண்டியில் பல்பையும் பியூஸையும் பார்ப்பான். இந்தப் பெட்டிப் பக்கம் போகமாட்டான். ‘நடுநிலைக் காப்பு’க்கும் அதே குறை.

இலங்கை மலைநாட்டில் இந்தப் பழுது அடிக்கடி வரக் காரணம் தேட வேண்டியதில்லை. மழையும் மூடுபனியும் ஒரு பக்கம். மறுபக்கம், றம்பொடை இறக்கத்தில் டீயிலிருந்து (D, டிரைவ்) இரண்டுக்கும் எல்லுக்கும் (L, தாழ்ந்த கியர்) மாற்றி மாற்றித்தானே இறங்குகிறோம்? சமவெளியில் ஓடும் வண்டிக்கு அந்தத் தொடுகை இவ்வளவு நடமாடுவதில்லை.

கராஜில் பல பாஸ்மார் (மெக்கானிக்குகள்) செய்வது பிளக்கைக் கழற்றி ஸ்ப்ரே அடிப்பது. சில நாள் ஓடும், அப்புறம் பழையபடிதான். பெட்டியைக் கழற்றித் திறக்கத்தான் வேண்டும். அதற்கு லீவரை என்னில் வைக்க வேண்டியிருப்பதால், சரிவில் நிற்கும் வண்டியில் இந்த வேலையைத் தொடவே கூடாது: சமதரை, கைப்பிரேக், டயருக்குக் கட்டை, பற்றரியின் மறை (நெகட்டிவ்) கம்பியைக் கழற்றுதல், எல்லாம் முதலில். பெட்டி இருந்த இடத்தைக் கீறி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். சில பெட்டிகளின் மூடி ஒட்டியிருக்கும். பிளேடால் மெதுவாக விடுவிக்க வேண்டும். ஸ்பிரிங் துள்ளி ஓடக்கூடும், கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காய்ந்து கறுத்த கிரீஸ், தண்ணீர் புகுந்திருந்தால் செம்பின் மேல் பச்சை. இந்தப் பச்சைக்குப் புதுச்சொல் எதற்கு? களிம்பு என்று நம்மிடம் இருக்கிறதே. ஆணவ மலம் உயிரைப் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். ஆனால் தொடுகைக்குப் பூசும் கிரீஸுக்கும் ‘மின்களிம்பு’ என்று இங்கே ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். சுரண்டி எடுக்க வேண்டியதும் பூச வேண்டியதும் ஒரே பெயரில் இருந்தால் மாணவன் என்ன செய்வான்? கிரீஸ் கிரீஸாகவே இருக்கட்டும்.

களிம்பை ஐசோபுரொப்பைல் அற்ககோலாலும் பென்சில் அழிறப்பராலும் எடுக்கலாம். உப்புத்தாள் என்றால் மிக நுண்ணியது, அதுவும் லேசாக. தடம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் துப்புரவு பயன்படாது, புதிது வாங்குங்கள். மின்கடத்தாக் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசி, மூடியைச் சிலிக்கோனால் அடைத்து, பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும். டொயோட்டாவில் தண்டின் பள்ளமும் பெட்டியிலுள்ள நடுநிலைக் கோடும் நேராக வர வேண்டும். வேறு சிலவற்றில் துளைக்குள் ஒரு பின்னைச் செருகிப் பார்ப்பார்கள். இது சற்றுப் பிசகினாலும் பீயில் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகக்கூடாத இடத்தில் ஆகும். கடைசியில் பிரேக்கை அழுத்தியபடி ஒவ்வோர் இடத்திலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பீ, என் தவிர வேறெங்கும் ஸ்டார்ட்டர் சுழலக்கூடாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘கியர்நிலை’ கிட்டத்தட்டச் சரி, ஆனால் முழுச் சரியில்லை. டீக்குள் நான்கைந்து கியர்கள் இருக்கின்றன. எந்தக் கியர் ஓடுகிறது என்பது இந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஓட்டுநர் எதைத் தெரிந்தெடுத்தார் என்பது மட்டுமே தெரியும். ஆகவே என் முன்மொழிவு: தெரிவுநிலை ஆளி. சுருக்கித் ‘தெரிநிலை’ ஆக்கலாமே என்பீர்கள். அது இலக்கண வகுப்பில் வினைமுற்றுக்குப் போய்விட்டது.

உணரியா ஆளியா? தொடுகை மூடித் திறப்பதால் இது ஆளிதான். தொடுகையே இல்லாமல் காந்தப் புலத்தை உணரும் புதுவகைப் பெட்டிக்குத் ‘தெரிவுநிலை உணரி’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆளி என்றால் கோயில் தூணில் நிற்கும் மிருகம்தான் ஞாபகம் வருகிறது என்று எழுதிய சென்னை நண்பருக்கு: எங்கள் பள்ளி விஞ்ஞானப் புத்தகங்களில் சுவிட்சுக்கு அதுதான் சொல், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். உங்கள் ‘சொடுக்கி’யையும் பக்கத்தில் போடுகிறேன்.

கராஜ் சுவரில் ஒட்டும் தாளில் மட்டும் ‘இன்ஹிபிட்டர்’ முதலில் வரும், தெரிவுநிலை ஆளி அதன் கீழே. பாஸ் அந்தப் பெயரில்தானே சாமான் கேட்டு வாங்கிவரச் சொல்வார்.

ஆட்சேபம் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள். நியூட்ரலுக்கு நடுநிலையா, மின்கம்பிக்குச் சொல்வதுபோல் நொதுமலா என்ற சண்டையை வேறோர் இழையில் வைத்துக்கொள்வோம்.