52 கோர் வருகிறதாம், காத்திருக்கவா வாங்கவா?

வவுனிக்குளத்தான்:
கல்யாண வீடியோ எடிட் செய்ய ஒரு மெஷின் கட்ட வேணும். கனடாவில் இருந்து மாமா காசு அனுப்பிவிட்டார். கொழும்புக்கு ஓடர் போடலாம் என்று பார்த்தால், இன்டெலின் அடுத்த சிப் நோவா லேக்கில் 52 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் மூளைகள்) வருகிறதாம், போட்டிக் கம்பனி ஏ.எம்.டி.யின் ஸென் 6இல் 24 கோர் வருகிறதாம் என்று எங்கே போனாலும் இதே கதை. என்ன செய்ய?

முறிகண்டிக் கச்சான்:
தம்பி, வாங்கு. 2018 மார்கழியில் எனக்கும் இதே ஆசை வந்தது. ஏ.எம்.டி.யின் ரைசன் 3000 வரிசையில் 16 கோர், 5.1 ஜிகாஹேர்ட்ஸ் வேகம், விலை 499 டொலர் என்று ஒரு பட்டியல் கசிந்தது. வைத்திருந்த காசைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். கறண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ்ஸுக்கு ஒதுக்கின காசும் அதே பெட்டிக்குள்தான். ஒரு வருசம் பழைய நாலு கோரில் இரவிரவாக ரெண்டர், அதாவது எடிட் செய்ததைக் கடைசி வீடியோவாக்கும் வேலை. விடியப்புறம் மூன்று மணிக்குக் கறண்ட் போகும். 82 வீதத்தில் நின்ற வேலை அப்படியே போய்விடும். காலையில் பொம்பிளை வீட்டார் போன் எடுப்பார்கள். கடைசியில் 2019 கார்த்திகையில் 3950எக்ஸ் வந்தது. 16 கோர் சரி. ஆனால் 4.7 ஜிகாஹேர்ட்ஸ், 749 டொலர். 499 டொலருக்குக் கிடைத்தது 12 கோர் 3900எக்ஸ்.

ஏ9:
அண்ணை, 16 கோர் என்ற கதை மெய்யாகத்தானே போனது? இன்டெல் 2015இல் இருந்து 2021 வரை மேசைக் கணினிக்கு அதே 14 நானோமீற்றர் தயாரிப்பு முறையைச் சூடாக்கிச் சூடாக்கிப் பரிமாறின காலம் அது. அடுத்த கடையில் என்ன வேகிறது என்று வாசம் பிடிப்பதில் என்ன பிழை? இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை சிப் கிராஷ் ஆகிறது என்று 2024 தொடக்கத்திலேயே கேம் ஆடுகிற பொடியள் கத்தினார்கள். அதையும் வதந்தி என்றுதான் தள்ளினார்கள். ஆடியில் வோல்ட்டேஜ் கூடிப்போகிறது என்று இன்டெலே ஒத்துக்கொண்டது. ஆவணியில் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தம் வந்தது. உத்தரவாதத்தையும் 2 வருசம் நீட்டினார்கள்.

முறிகண்டிக் கச்சான்:
அது வேறு கதை. அந்தப் பொடியள் சிப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கையில் வைத்திருந்தவர்கள். இன்னொருவன் அதே கேமைப் போட்டுச் சரிபார்க்கலாம். நான் சிரிப்பது பிறக்காத பிள்ளைக்குச் சாதகம் எழுதுகிறவனைப் பார்த்து. ஏ.எம்.டி.யின் ஸென் 5 வர முதல் வேகம் 40 வீதம் கூடும் என்றார்கள். 2024இல் ஏ.எம்.டி. மேடையில் சொன்னது, ஒரே கிளொக்கில் (ஜிகாஹேர்ட்ஸ் மாறாமல்) சராசரி 16 வீதம். நல்ல சிப்தான். ஆனால் 40ஐ நம்பி இருந்தவனுக்கு 16 கசந்தது.

நீலக்கட்சி:
இரண்டு பேரும் ஏ.எம்.டி. திண்ணையில் இருந்துகொண்டே சண்டை பிடிக்கிறீர்கள். 2011இல் வந்த ஏ.எம்.டி.யின் புல்டோசர் சிப் ஞாபகம் இருக்கா? 8 கோர் என்று விற்றார்கள். உள்ளே இரண்டு கோருக்கு ஒரு மிதவைப்புள்ளிப் பகுதி, அதாவது தசமக் கணக்குப் போடும் இடம். கலிபோர்னியாவில் வழக்குப் போய், 2019இல் 1 கோடியே 21 லட்சம் டொலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

ஏ9:
நன்றி நீலக்கட்சி, என் பக்கம்தான் பேசுகிறீர்கள்! அது கசிவில்லை, கம்பனியே போட்ட விளம்பரம். அப்ப யாரை நம்புவது? ஒவ்வொரு மாரியிலும் இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்று வட்ஸ்அப்பில் வரும். பாதி பொய்தான். அதற்காக மாட்டை மேட்டுக்கு ஏற்றுகிறவன் மடையனா?

முறிகண்டிக் கச்சான்:
மாட்டை ஏற்று, செலவில்லை. அதே செய்தியை நம்பி விதைப்பைத் தள்ளிப் போடுவாயா? தம்பி கேட்பது விதைப்புக் கதை. வைகாசி, ஆனி முழுக்க அவனுக்குக் கல்யாணம் இருக்கு.

ஏ9:
சரி, அந்த இடத்தில் மடக்கிவிட்டீர்கள். ஆனால் பாதி விலைக்குப் பழைய தலைமுறை விழும் நேரத்தைக் கசிவுதான் காட்டும் என்பதில் நான் மாறவில்லை.

நீலக்கட்சி:
கோரை எண்ணுவதை விடுங்கள். கசிந்த அந்த 52இலும் பெரிய கோர் 16 தானாம், 32 சின்னது, 4 மின் சிக்கனத்துக்கு. தம்பி, உன் கமரா என்ன வகைக் கோப்பு எடுக்கிறது? 10 பிட் 4:2:2 எச்.இ.வி.சி. (நிற விவரத்தைக் கூட வைத்துச் சுருக்கும் வீடியோ வகை) என்றால், 11ஆம் தலைமுறையில் இருந்து இன்டெல் சிப்பின் கிராபிக்ஸ் பகுதியில் இருக்கும் குவிக் சிங்க் அதைத் தானே பிரித்துத் தரும். எடிட் செய்யும்போது டைம்லைன் இழுபடாது. ஒன்று கவனம்: சிப்பின் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் வாங்காதே. விலை குறைவு என்று கடைக்காரர் நீட்டுவார். அதில் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது, குவிக் சிங்க்கும் இல்லை.

முறிகண்டிக் கச்சான்:
இது உருப்படியான பேச்சு. நான் சிவப்புப் பக்கம், ஏ.எம்.டி. ஆள் என்றாலும் ஒத்துக்கொள்கிறேன்.

வவுனிக்குளத்தான்:
கமரா 4:2:2 தான் அண்ணை, இப்பதான் மெனுவில் பார்த்தேன். எஃப் இல்லாததுக்கு ஓடர் போட்டுவிட்டேன், நாளை இரவு பஸ்ஸில் பார்சல் வரும். கச்சான் அண்ணை, யூ.பி.எஸ். எத்தனை வி.ஏ. எடுக்கட்டும்?