கான்ஸ்டன்டீன் (அல்ஜீரியா) நகர மாதிரி: பள்ளத்தாக்கு, பாலங்கள், 1837 முற்றுகை – எப்படிக் காட்டுவது?

முத்தியால்பேட்டை_டீச்சர்:

வணக்கம். "பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர்கள்" என்று நவம்பரில் பள்ளிக் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருப்பது அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டீன். புதுச்சேரியும் சந்திரநாகூரும் வேறு வகுப்புகளுக்குப் போய்விட்டன. மேசை 3 அடிக்கு 2 அடி. அதில் நிலத்தோற்ற மாதிரி வைத்து, அதை வைத்தே வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

சிக்கல் இவைதான்:

1. இணையத்தில் கிடைத்த இலவச உயரத் தரவில் சம உயரக்கோடு எடுத்தால் பெரிய பள்ளத்தாக்கு வெறும் வாய்க்கால் போல வருகிறது. படங்களில் செங்குத்தாக நிற்கிறதே?

2. பழைய பிரெஞ்சு வரைபடம் ஒன்றில் ஊர் 40.4, 4.76 என்ற இடத்தில் இருக்கிறது. அதை கூகுள் மேப்பில் போட்டால் மெனோர்க்கா தீவுக்குப் பக்கத்தில் நடுக்கடல் வருகிறது.

3. பாலங்கள் நிறைய. எதை வைக்கலாம், எதை விடலாம்?

4. பிரெஞ்சுப் படை 1836இல் தோற்று 1837இல் ஜெயித்தது என்று புத்தகத்தில் ஒரே வரி. இடையில் மாறியது என்ன?

கல்மரம்_திருவக்கரை:

டீச்சர், இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது. பழைய பிரெஞ்சுத் தாள்கள் பலவற்றில் தீர்க்கரேகையைப் பாரிஸிலிருந்து எண்ணுவார்கள், கிரீன்விச்சிலிருந்து அல்ல. அலகும் டிகிரி கிடையாது, கிராடு. ஒரு செங்கோணம் 90 டிகிரி என்றால் அதுவே 100 கிராடு. ஆக, எண்ணை 0.9ஆல் பெருக்குங்கள். 40.4 கிராடு என்பது 36.36 டிகிரி. 4.76 கிராடு என்பது 4.28 டிகிரி, அதோடு பாரிஸுக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள 2 டிகிரி 20 நிமிடத்தைக் கூட்டினால் 6.62. ஊர் வந்துவிட்டது. பெருக்கிய பிறகுதான் கூட்ட வேண்டும், மாற்றிச் செய்தால் பல கிலோமீட்டர் தள்ளிப் போகும். அட்சரேகைக்குக் கூட்டல் தேவையில்லை.

அடுத்து உயரத் தரவு. நீங்கள் எடுத்தது விண்கலத்திலிருந்து ரேடாரில் அளந்த 30 மீட்டர் கட்டமாக இருக்கும். ருமெல் ஆறு ஓடும் பிளவு பல இடங்களில் இரண்டு மூன்று கட்ட அகலத்துக்குள் அடங்கிவிடும். ஒரே கட்டத்துக்குள் விளிம்பும் அடியும் சேர்ந்து சராசரியாகிவிடுவதால் சுவர் சரிவாகிறது, ஆழமும் பாதியில் நிற்கிறது. மென்பொருளில் எவ்வளவு மெருகேற்றினாலும் இல்லாத தகவல் வராது. சுற்றுமலைகளுக்கு மட்டும் அந்தத் தரவை வைத்துக்கொண்டு, பிளவைக் கையால் வெட்டுங்கள். விளிம்புக் கோட்டைச் செயற்கைக்கோள் படத்தில் தடம் எடுங்கள்; நண்பகல் படம் நல்லது, நிழல் நீண்டிருந்தால் விளிம்பு எது அடி எது என்று தெரியாது. ஆழத்துக்குப் பாலங்களின் உயரமே போதும்: தெற்கே சிதி ராஷித் பாலத்தடியில் சுமார் 105 மீட்டர், நடுவில் எல்-காந்தராவில் 125, வடக்கே சிதி மெசித்தில் 175. ஆறு வடக்கே போகப் போக ஆழமாக அறுத்திருப்பது இந்த மூன்று எண்ணிலேயே தெரியும்.

அளவுத்திட்டம் 1:2500 வைத்துக்கொள்ளுங்கள். 3 அடி மேசையில் கிழக்கு மேற்காக சுமார் 2.25 கி.மீ., வடக்கு தெற்காக 1.5 கி.மீ. அடங்கும். பழைய நகரம் நிற்கும் பாறை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலம், அதாவது 40 செ.மீ. 175 மீட்டர் ஆழம் 7 செ.மீ. ஆகும். எனவே செங்குத்து அளவை மிகைப்படுத்தவே வேண்டாம். பள்ளி மாதிரிகளில் மலை தெரிய வேண்டும் என்று உயரத்தை மூன்று மடங்காக்குவது வழக்கம். இந்த ஊருக்கு அது தேவையில்லை. செய்தால் பாலங்களின் விகிதம் கெட்டு எல்லாமே பொம்மையாகிவிடும்.

10 மீட்டர் இடைவெளிக் கோடு என்றால் ஒரு அடுக்கு 4 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் 4 மி.மீ. என்று சொல்லித் தரும் அட்டையை நம்பாமல், பத்துத் தாளை அடுக்கி ஸ்கேலால் அளந்து பாருங்கள், 40 மி.மீ. வர வேண்டும். 5 மி.மீ. தாளில் செய்தால் 7 செ.மீ. பிளவு 8.75 செ.மீ. ஆகி, பாலமும் சுவரும் பொருந்தாது. பாறையின் உச்சியிலிருந்து வடக்கு ஆற்றடி வரை 18 அடுக்கு வரும்.

இன்னொன்று. இது சுண்ணாம்புப் பாறை. நீர் முதலில் உள்ளே குகையாகக் கரைத்துக்கொண்டு போனது, பிறகு கூரை இடிந்தது. எல்லா இடத்திலும் இடியவில்லை. எல்-காந்தரா பக்கம் தொடங்கி வடக்கே இயற்கையான கல் வளைவுகள் பிளவுக்குக் குறுக்கே இன்னும் நிற்கின்றன. அந்த இடங்களில் நடு அடுக்குகள் இரண்டை வெட்டாமல் விட்டுவிடுங்கள். ஆறு அடியில் புகுந்து வெளிவருவது போல அமையும்.

கெடிலக்கரை:

நான்காவது கேள்விக்கு வருகிறேன். கல்மரம் சொன்ன மாதிரியை மனதில் வைத்துப் படியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ருமெல் தென்மேற்கிலிருந்து வருகிறது, பூமெர்சூக் ஆறு தென்கிழக்கிலிருந்து வந்து ஊருக்குத் தெற்கே அதோடு சேர்கிறது. (உங்கள் மேசையில் சங்கமம் விளிம்புக்கு வெளியே விழலாம், ஓரத்தில் அம்புக்குறி போடுங்கள்.) சேர்ந்த ஆறு பாறையின் கிழக்கையும் வடக்கையும் சுற்றி அறுத்துக்கொண்டு வடமேற்கில் அருவியாக வெளியேறுகிறது. மேற்கே செங்குத்துச் சரிவு. மிச்சம் தென்மேற்கு மட்டும்தான். அங்கே ஒரு கழுத்து போன்ற நிலம் பாறையைக் குதியத் அத்தி என்ற குன்றோடு சேர்க்கிறது. செஞ்சியைப் பார்த்த கண்ணுக்கு, கோட்டை என்றால் மலை ஏறிப் பிடிக்க வேண்டியது என்று தோன்றும். இங்கே எதிரி நிற்கும் இடமும் ஊரும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இடையில் இருக்கும் பிளவுதான் மதில்.

1836 நவம்பரில் மார்ஷல் கிளோசெல் போன் துறைமுகத்திலிருந்து (இன்றைய அன்னாபா) படையோடு வந்தார். மழை, குளிர், சேறு. கனரக முற்றுகைப் பீரங்கி இல்லை. கிழக்கே மன்சூரா பீடபூமியில் நின்று எல்-காந்தரா பாலத்து வாசலைத் தாக்கினார், கூடவே குதியத் அத்தி பக்கமும் ஒரு தாக்குதல். இரண்டும் உடைந்தன. பாலம் ஒன்றே ஒன்று, அதுவும் குறுகலானது. வாசலிலிருந்து சுடுபவனுக்குக் குறி பார்க்கக்கூட வேண்டியதில்லை. உணவும் தீர்ந்து படை திரும்பியது.

1837 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் தம்ரெமோன் வந்தார். இம்முறை பெரிய பீரங்கிகள் வந்தன, முக்கிய அடி தென்மேற்குக் கழுத்தில் விழுந்தது. அக்டோபர் 12ஆம் தேதி பீரங்கிக் குண்டு பட்டு தம்ரெமோன் இறந்தார். பீரங்கிப் படைக்காரரான வாலே பொறுப்பேற்று, மறுநாள் 13ஆம் தேதி மதிலில் விழுந்த உடைப்பு வழியே படையை உள்ளே விட்டார். வீதி வீதியாகச் சண்டை. ஊர்மக்கள் பலர் கஸ்பா (உள்கோட்டை) பக்கப் பாறையில் கயிறு கட்டிப் பிளவுக்குள் இறங்க முயன்று, கயிறு அறுந்து விழுந்து மாண்டார்கள். மாதிரியில் 7 செ.மீ.யாகத் தெரியும் ஆழம் அதுதான். கண்காட்சியில் வெற்றிச் செய்தியை மட்டும் சொல்லி இதை விட்டுவிடாதீர்கள். மதில் உடைந்த இடத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் "உடைப்புச் சதுக்கம்" என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். இன்று அது நவம்பர் 1 சதுக்கம், அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கிய நாளின் பெயர்.

பலரும் தவறாகச் சொல்வது: ஊரை ஆண்ட அகமது பே (பே என்பது ஆட்சியாளர் பட்டம்) ஊருக்குள் அடைபட்டுக் கிடந்தார் என்று. அவர் குதிரைப்படையோடு வெளியே இருந்தார். உள்ளே தலைமை தாங்கியவர் பென் ஐசா. ஊர் விழுந்த பிறகும் பே சரணடையவில்லை, 1848 வரை மலைகளில் தாக்குப்பிடித்தார்.

மாதிரிக்கு ஒரு எச்சரிக்கை. குதியத் அத்தி குன்றை பிரெஞ்சு ஆட்சியில் பின்னாளில் வெட்டித் தாழ்த்திவிட்டார்கள். இன்றைய சம உயரக்கோட்டை வைத்து வெட்டினால் 1837இல் பீரங்கி நின்ற மேடு காணாமல் போயிருக்கும். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் ஊர்ப்பெயரோடு 1837 சேர்த்துத் தேடினால் முற்றுகை வரைபடங்கள் கிடைக்கும். அவற்றில் உயரம் எண்ணாக இல்லாமல் கோட்டு நிழலாகத்தான் இருக்கும். குன்றின் வடிவத்தை மட்டும் எடுத்துத் தனித் துண்டாகச் செய்து, எடுத்து வைக்கும்படி விடுங்கள்.

முத்தியால்பேட்டை_டீச்சர்:

கிராடு கணக்கு வந்துவிட்டது, பிள்ளைகளே போட்டுப் பார்த்தார்கள். பாலங்களையும் அப்படிக் கழற்றி மாட்டலாமா? கைவசம் இருப்பது சன்போர்டும் கொஞ்சம் தெர்மோகோலும். எந்தப் பசை?

கல்மரம்_திருவக்கரை:

கட்டாயம் கழற்றும்படிதான் செய்ய வேண்டும். எல்லாப் பாலத்தையும் நிரந்தரமாக ஒட்டிவிட்டால், பார்ப்பவருக்கு இந்த ஊரை ஏன் பிடிக்க முடியவில்லை என்றே புரியாது. 1837க்கு எல்-காந்தரா மட்டும். ரோமானியர் காலத்து மூலம், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்போதைய ஆட்சியாளர் சாலா பே புதுப்பித்தது. 1857இல் அது இடிந்து, பிறகு இரும்பில் கட்டினார்கள்.

1912க்கு இரண்டு. சிதி மெசித் தொங்குபாலம் 164 மீட்டர் நீளம், உங்களுக்கு 6.6 செ.மீ.; 1929 வரை உலகிலேயே உயரமான பாலம் அதுதான். கட்டுக்கம்பியில் செய்யலாம். சிதி ராஷித் 447 மீட்டர், 17.9 செ.மீ., 27 கல் வளைவுகள், பெரிய வளைவு 70 மீட்டர் அதாவது 2.8 செ.மீ. இது நேர்க்கோடு இல்லை, வளைந்து போகிறது. நேராக வெட்டினால் மறுகரையில் இறங்கும் இடம் தப்பும். 1925க்கு மெல்லா சுலைமான் நடைபாலம்: 125 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். உங்கள் அளவில் 5 செ.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. அகலம், தீக்குச்சியைப் பாதியாகப் பிளந்தால் சரியாக இருக்கும். தெற்கிலிருந்து வடக்கே வரிசை: சிதி ராஷித், மெல்லா சுலைமான், எல்-காந்தரா, சிதி மெசித். 2014இல் திறந்த சாலா பே கம்பிவடப் பாலத்தை இந்த மேசையில் விட்டுவிடலாம்.

பழைய_துறைமுகம்:

பசைதான் இந்த வேலையில் ஆளைக் கவிழ்க்கும். சன்போர்டு பிவிசி, நீர் உறிஞ்சாது. இரண்டு சன்போர்டுக்கு நடுவில் ஃபெவிகால் வைத்தால் ஓரம் மட்டும் காய்ந்து நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். கண்காட்சியன்று அடுக்கு வழுக்கும். அதற்கு ரப்பர் பசை: இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை (பத்து நிமிடம் பக்கம்) விட்டு, பிறகு அழுத்துங்கள். ஒட்டியதும் நகர்த்த முடியாது, அதனால் எல்லா அடுக்கிலும் ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை போட்டு, குச்சியில் கோத்து இறக்குங்கள்.

அதே ரப்பர் பசையைத் தெர்மோகோலில் தொட்டால் குழி விழும், கரைந்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படியே. தெர்மோகோலை உள்நிரப்பாக மட்டும் வைத்து ஃபெவிகாலில் ஒட்டுங்கள், நிறத்துக்கு நீரில் கரையும் பெயின்ட். நவம்பர் மழையில் நம்மூரில் அட்டைப்பெட்டி அட்டை வேண்டவே வேண்டாம், ஈரம் குடித்து நடு உப்பிவிடும், அப்புறம் ஒரு பாலமும் உட்காராது. பிளவுச் சுவரை மட்டும் பிளேடால் நேராக வெட்டி விடுங்கள், புட்டி பூசி மழுப்பாதீர்கள். மற்றச் சரிவுகளுக்குப் புட்டி பூசலாம்.

ஊசுட்டேரி:

பழைய காலத்துக்கும் நாலு அட்டை வையுங்கள். ஊரின் முன்பெயர் சிர்தா, நுமிதியா என்ற பழைய வட ஆப்பிரிக்க நாட்டின் அரசர் மாசினிசாவின் தலைநகரம். கி.மு. 112இல் அதே அரச குடும்பத்து யுகுர்தா முற்றுகையிட்டு, ஆட்சிக்குப் போட்டியாக இருந்த அதெர்பாலைக் கொன்றான், உள்ளே இருந்த இத்தாலிய வணிகர்களும் மடிந்தார்கள், ரோம் போருக்கு இறங்கியது. அந்தச் சிர்தா இது அல்ல, துனிசியாவின் எல் கெஃப் என்று ஆய்வாளர் ஆந்த்ரே பெர்த்தியே வாதிட்டார். அதனால் அந்த அட்டையில் "என்பது பெரும்பான்மைக் கருத்து" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அழிந்து எழுந்தது" என்று புத்தகங்களில் வருவது வேறு சம்பவம். ஆப்பிரிக்காவில் தன்னை ரோமப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட தொமித்தியுஸ் அலெக்சாந்தரின் கலகத்தை அடக்கும்போது கி.பி. 311 வாக்கில் ஊர் நாசமானது, 313இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் திரும்பக் கட்டித் தன் பெயரை வைத்தார். கலகத்தை அடக்கியது அவர் படை அல்ல, அவருடைய எதிரி மக்சென்தியுஸின் படை. பிள்ளைகள் இதைத்தான் குழப்பிக்கொள்வார்கள்.

இருபதாம் நூற்றாண்டுக்கு ஒருவர் போதும்: அப்துல் ஹமீத் பென் பாதிஸ், 1889இல் இந்த ஊரில் பிறந்து 1940இல் மறைந்தவர், 1931இல் அல்ஜீரிய உலமா (இஸ்லாமிய அறிஞர்கள்) சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர். அவர் நினைவுநாளான ஏப்ரல் 16 அங்கே அறிவு நாள். இடம் இருந்தால் 1958 அக்டோபர் 3 சேருங்கள்: பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் "கான்ஸ்டன்டீன் திட்டம்" என்ற ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தை இங்கேதான் அறிவித்தார். நாலு வருடம் முடிவதற்குள் அல்ஜீரியா விடுதலை பெற்றுவிட்டது.

கெடிலக்கரைக்கு ஒரு சேர்க்கை: பாறை உறுதியானதுதான், ஆனால் அதைச் சுற்றியுள்ள சரிவுகள் களிமண் கலந்தவை, நழுவும். சிதி ராஷித் பாலத்தின் கிழக்கு முனையை மண்சரிவுக்காகப் பலமுறை பழுதுபார்த்திருக்கிறார்கள். மாதிரியில் பாறைக்குச் சாம்பல், சரிவுகளுக்குக் காவி என்று இரண்டு நிறம் கொடுத்தால் பாலத்தின் எந்தக் கால் எதில் நிற்கிறது என்று காட்டலாம்.