அளவுப் பை இருந்தும் இரவில் விரிப்பதில்லை, வழி சொல்லுங்கள்

பிரசவ வார்டில் 9 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் பிரசவத்துக்குப் பின் போகும் ரத்தத்தை இன்னமும் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறோம்.

போன மாதம் ஒரு தாயின் கேஸ் ஷீட்டில் 300 மி.லி. என்று எழுதியிருந்தது. ஆனால் நாடி 124, உதடு வெளுத்திருந்தது. நனைந்த துணிகளை எடை போட்டால் 800-ஐத் தாண்டியது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அந்த உதடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பிரசவம் ஆனதும் தாயின் அடியில் விரித்து, வடியும் ரத்தத்தை அளக்கும் அளவுக்கோடு போட்ட பை வந்து 4 மாதம் ஆகிறது. பகலில் விரிக்கிறார்கள். இரவில் 10 பிரசவத்துக்கு இரண்டு மூன்றுதான்.

2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வைத் தமிழில் சுருக்கி ஒட்டினேன். 4 ஆப்பிரிக்க நாடுகள், 80 மருத்துவமனைகள். இந்தப் பையால் அளந்து, கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கியதில், கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, ரத்தப்போக்கால் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. இரண்டு முறை செய்தும் காட்டினேன். மேட்ரன் சுற்றறிக்கை விட்டார், ஒரு வாரம் நடந்தது, அப்புறம் பழையபடி. பையைப் பிரசவத் தட்டிலேயே வைத்தும் பார்த்தாயிற்று.

யாரும் மறுப்பதில்லை. இரவில் இரண்டே பேர், குழந்தை வரும் அவசரத்தில் விட்டுப்போகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆள் குறைவான நைட் டியூட்டியில் இதை வழக்கமாக்கியவர்கள் இருந்தால், பையை யார், எந்த நேரத்தில் விரிப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?