புதுப்பிப்பு: தாய்க்கோழி விரட்டிய குஞ்சு பிழைத்துவிட்டது

தாய்க்கோழி சேர்க்காமல் கொத்தி விரட்டிய ஒற்றை நாட்டுக்கோழிக் குஞ்சைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். தேறாது என்றுதான் பலரும் சொன்னீர்கள். தேறிவிட்டது. சேவலா பெட்டையா என்பது இன்னும் தெரியவில்லை.

தாயின் சூட்டுக்குப் பதிலாக அட்டைப்பெட்டியும் குண்டு பல்பும்தான். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தோம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பார்ப்பதே நல்லது. பல்புக்கடியில் ஒடுங்கினால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ராணிக்கெட் என்னும் கோழி நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்தும் போட்டாயிற்று.

ஒட்டுதல்தான் நான் எதிர்பாராதது. பொரித்த ஓரிரு நாளில் கண்முன் நகரும் உருவத்தைத் தாயாக எண்ணிப் பின்தொடர்வது குஞ்சுகளின் இயல்பு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-லேயே இதை எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த உருவம் அம்மாவின் கால். அம்மா சமையலறைக்குப் போனால் பின்னாலேயே ஓட்டம், கதவைச் சாத்தினால் ஒரே கத்தல்.

தனியாக இருப்பது தெரியாமலிருக்கப் பெட்டிக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி வைக்கும் யோசனை பாதிதான் பலித்தது. அம்மா குரல் கேட்டதும் பிம்பத்தை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறது. அதனால் துணைக்கு அதே வயதில் இரண்டு குஞ்சு வாங்கப் போகிறோம். முதலில் வலைக்கு அந்தப்பக்கம் விட்டுப் பழக்க வேண்டும்.

'குழம்புக்கா?' என்று கேட்ட நண்பருக்கு: அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், நான் தூரமாக நின்றுகொள்கிறேன்.