ஒரு வருடம் இங்கிலாந்தில் படிக்கப் போகிறேன், சூழலுக்குக் கெடுதல் குறைய என்ன செய்யலாம்?

வாவிக்கரைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டேன், செப்டெம்பரில் லீட்ஸுக்கு ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறேன், அதுவும் சூழல் சம்பந்தமான படிப்புத்தான். வாவி ஓரம் கண்டல் கன்று நட்ட நாட்களில் சேற்றுக்குள் கையை விட்டால் குழிக்குக் குழி சொப்பிங் பேக்தான் வரும். அதைப் பார்த்த பிறகு, போகிற இடத்தில் நானும் குப்பை சேர்க்க மனம் ஒப்பவில்லை. வீட்டில் இப்போதே இரண்டு பெரிய சூட்கேஸ் வாங்கியாயிற்று, குளிர் ஜக்கெட் கொழும்பில் எடுக்க வேண்டும் என்கிறார்கள், தைப்பொங்கலுக்கு ஒரு தடவை வந்துபோ என்று அம்மா கேட்கிறா. அங்கே இருந்து வந்தவர்கள் சொல்லுங்கள், எதில் கவனம் வைத்தால் உண்மையில் பலன் இருக்கும்?

பாண்டிருப்பு அக்கா:
தங்கச்சி, துணிப்பையும் தண்ணீர்ப் போத்தலும் பிறகு, முதலில் விமானத்தைப் பாருங்கள். கொழும்பிலிருந்து லண்டன் 8,700 கிலோமீற்றர் அளவு. சாதாரண வகுப்பில் போய்வந்தாலே ஒரு ஆளின் பங்குக்கு ஒரு தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு. நம் நாட்டில் சராசரியாக ஒருவர் வருடம் முழுக்கச் சமைத்து, பஸ்ஸில் திரிந்து, லைட் எரித்து வெளிவிடுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். பொங்கலுக்கு வந்துபோனால் அது இரண்டு மடங்கு. அதனால் போவது ஒரு தடவை, வருவது ஒரு தடவை. காசு இடம் கொடுத்தால் நேரே போகிற விமானம் எடுங்கள்.

ஜக்கெட் இங்கே வேண்டாம். அங்கே ஊருக்கு ஊர் சரிற்றி ஷொப் இருக்கிறது, ஆட்கள் கொடுத்த உடுப்பை விற்று நற்பணிக்குக் காசு சேர்க்கிற கடை. நான் எடுத்த கோட்டில் ஒரு பட்டன் மட்டும் இல்லை, தைத்துப் போட்டுக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் திரிந்தேன், வரும்போது அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது ஹீற்றர். நிலக்கரியில் மின்சாரம் எடுத்த கடைசி நிலையத்தை அவர்கள் 2024 செப்டெம்பர் 30 இல் மூடிவிட்டார்கள், ஆனால் வீடுகளைச் சூடாக்குவது இன்னும் பெரும்பாலும் காஸில்தான். விடுதியில் கட்டணம் வாடகைக்குள் அடங்கும் என்பதால் பிள்ளைகள் ஹீற்றரை முழுக்கத் திருப்பிவிட்டு, வேர்க்கிறது என்று ஜன்னலையும் திறந்துவைப்பார்கள், பார்க்க வயிறு எரியும். கம்பளிச் சட்டை போட்டு 18, 19 பாகையில் இருக்கப் பழகுங்கள். அப்புறம், ஈர உடுப்பை அறைக்குள் காயப்போட்டு ஜன்னலை அடைத்தே வைக்காதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரே மாதத்தில் ஜன்னல் மூலையில் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. காலையில் பத்து நிமிடம் அகலத் திறந்துவிட்டுச் சாத்தினால் போதும்.

ஒலுவில் நானா:
எங்கள் அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று எட்டு வருடத்தில் 20 யானை அளவில் செத்ததாக 2022 இல் செய்தி வந்ததே, அந்த இடத்தை நேரில் பார்த்தவன் நான். இங்கிலாந்தில் படித்தபோது என்னை உறுத்தியது படிப்பு முடிகிற வாரம்தான். விடுதிக் குப்பை அறையில் ரைஸ் குக்கர், தலையணை, விலைச்சீட்டுக் கிழிக்காத சட்டி, பாதி அரிசிப் பை, எல்லாம் குவிந்து கிடக்கும், ஒரு வருடம்கூடப் பாவிக்காத சாமான். நாங்கள் மூன்று பேர் பொறுக்கி எடுத்து வைத்து, செப்டெம்பரில் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நீங்களும் சூட்கேஸ் அடுக்க முதல் அங்கே இருக்கிற நம் மாணவர்களிடம் கேளுங்கள், சட்டிபானை கிடைக்கும், ஒரு சூட்கேஸ் வீட்டிலேயே இருக்கும்.

சாப்பாட்டுக்கு லீட்ஸில் கேர்க்கேற் மார்க்கெற் இருக்கிறது, மரக்கறியைப் பொதியில்லாமல் நிறுத்து வாங்கலாம். முருங்கைக்காய் பெரும்பாலும் விமானத்தில் வருவது, ஆசைக்கு எப்போதாவது வாங்குங்கள். கரட், கோவா, லீக்ஸ் அந்த மண்ணிலேயே விளைகிறது, பருப்புக் கறியோடு அதுவே போதும்.

வாவிக்கரைப் பிள்ளை:
நன்றி அக்கா, நன்றி நானா. ஒரு தொன் கணக்கை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் பதின்மூன்று பேர் வருவதாக இருந்ததை நிறுத்தி, மூன்று பேர் ரயிலில் போவோம் என்று அவரே சொல்லிவிட்டார். பொங்கலுக்கு வரமாட்டேன் என்றதும் அம்மாதான் பேசாமல் எழும்பிப் போனா.

பாண்டிருப்பு அக்கா:
போவா தங்கச்சி, என் அம்மாவும் போனவ. முற்றத்தில் ஆறரைக்குப் பொங்கும்போது அங்கே இரவு ஒரு மணி. முழித்திருந்து வீடியோவில் கூட இருங்கள், விடிந்ததும் நீங்களும் பொங்குங்கள். பச்சையரிசி, பயறு, சர்க்கரைக்கு மட்டும் அந்த ஒரு சூட்கேஸில் இடம் வையுங்கள்.